பெடல் பதில்கள்

பிளஸ் டூ மாணவர், தில்லைவிளாகம்: "ஒரு மணி நேரம் பெடலை நிறுத்தாமல் மிதி" என்கிறார் எங்கள் விளையாட்டு மாஸ்டர். நடுநடுவே மிதிக்காமல் வண்டியைச் சும்மா உருள விட்டால் என்ன, குடியா முழுகிவிடும்?

குடி முழுகாது தம்பி, பயிற்சிதான் முழுகும். கால் நின்ற நொடியில் தொடைக்கு வேலை போய்விடும், நெஞ்சுத் துடிப்பும் இறங்க ஆரம்பித்துவிடும். ஊட்டி மலையில் ஏறுகிறவனுக்கு இறக்கத்தில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நமக்கு ஏது? தஞ்சாவூரே கடல் மட்டத்துக்கு மேல் 60 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் உள்ள சரிவு ஆற்றுத் தண்ணீருக்குத் தெரியும், சைக்கிளுக்குத் தெரியாது. பாலத்தை விட்டு இறங்கும்போது கிடைக்கிற நாலு முழம்தான் நம் பங்குக்கு வந்த இறக்கம்.

மேடு இல்லையே என்று ஏங்க வேண்டாம். நமக்குக் காற்று இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. இரண்டு பருவக்காற்றும் அதே கோட்டில்தான் வீசுகின்றன. ஆடியில் அதிராம்பட்டினம் பக்கம் திரும்பினால் முகத்தில் அறையும். கார்த்திகையில் திருத்துறைப்பூண்டி பக்கம் திரும்பினால் அறையும். அந்த நேரத்தில் காலை நிறுத்திப் பார், நாலு தென்னையைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை 4 மடங்கு ஆகும், அதைத் தள்ளுவதற்கான சக்தியோ 8 மடங்கு வேண்டும். அதனால் எதிர்காற்றில் வேகத்தை மறந்துவிடு, கால் சுற்றும் கணக்கை மட்டும் பார். 15 நொடியில் வலது முழங்கால் 20 தடவை மேலே வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. கியர் வண்டியில் அது போதும். அரசு கொடுத்த சைக்கிள் என்றால் 60 வந்தாலே சபாஷ்.

வாசகர், எடையூர்: என் சைக்கிள் ரொம்பக் கனமாக ஓடுகிறது. புதுசு வாங்கிவிடலாமா?

முதலில் செயினுக்கு எண்ணெய் வாங்குங்கள்.

வாசகர், இடும்பாவனம்: பெட்ரோல் விலை எப்போது குறையும்?

என் வண்டி இட்லியில் ஓடுகிறது. இட்லி விலையைக் கேளுங்கள், சொல்கிறேன்.

வயதில் மூத்த வாசகர், ஜாம்புவானோடை: அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் வந்து ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பகோணம் டிகிரி காபி வாங்கித் தரலாம். மறக்கிற காட்சியா அது! பள்ளிக்கூட மைதானத்தின் நடுவே ஒரு கம்பம். அதன் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி, பக்கத்தில் ஒரு டியூப் லைட். கம்பத்தைச் சுற்றி ஒரே ஆள், ஒரே சைக்கிள், இரவும் பகலும். சாப்பாடு சைக்கிளில், சவரம் சைக்கிளில். குடத்தை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் குளியலும் முடிந்தது. ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுவார். தரையில் கிடக்கிற கைக்குட்டையை வாயால் கவ்வி எடுப்பார். பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பார்கள். பெரியவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். அதுதான் அவருடைய வருமானம். டிக்கெட்டும் கிடையாது, வேலியும் கிடையாது.

அந்த மனிதர் செய்த வேலையின் கடினம் அன்று யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. அகலச் சாலையில் வேகமாகப் போகிறவன் காலை நிறுத்தினாலும் வண்டி தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் ஓடும். சின்ன வட்டத்தில், புழுதி மண்ணில், நடக்கிற வேகத்தில் சுற்றுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு மூச்சு நேரம் மிதிக்காவிட்டால் சாய்ந்துவிடுவான். ஆக, பகலில் ஊரே பார்க்கும்போதும் மிதிக்க வேண்டும், நடுச்சாமத்தில் நாய் மட்டும் பார்க்கும்போதும் மிதிக்க வேண்டும். அவர்களை வித்தைக்காரர் என்று சொல்லி நோட்டைக் குத்தி அனுப்பிவிட்டோம். விளையாட்டு வீரர் என்று நாம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஓட்டியவர் யாராவது இன்னும் இருந்தால் பேரப்பிள்ளைகளை அழைத்துப்போய் அவரைக் காட்டுங்கள்.

முத்துப்பேட்டைக்காரர், துபாய்: இங்கே ஜிம்மில் ஸ்பின் பைக் ஓட்டுகிறேன். காலை நிறுத்தினாலும் பெடல் நிற்காமல் காலை இழுக்கிறதே, பழுதா?

பழுதில்லை தம்பி, அதன் பிறவிக்குணம். ஊர் சைக்கிளின் பின்சக்கரத்தில் டிக் டிக் என்று சத்தம் போடுமே, அந்த ஃப்ரீவீல் பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் கிடையாது. கனத்த சக்கரமும் பெடலும் ஒன்றாகவே சுற்றும். பந்தயத் தளத்தில் ஓடும் டிராக் சைக்கிளும் இதே ஜாதிதான், அதில் பிரேக்கும் இல்லை. பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் போனதும், இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 2022இல் சுவிட்சர்லாந்தில் 56.792 கிலோமீட்டர் போனதும் அப்படிப்பட்ட வண்டியில்தான். அந்த ஒரு மணி நேரத்தில் கால் ஒரு நொடியும் ஓயவில்லை.

நீங்கள் காலை வெடுக்கென்று நிறுத்தாதீர்கள், முழங்கால் கோபித்துக்கொள்ளும். குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்தபின் நிறுத்துங்கள். சாலையில் உருள விடும்போது நம்மை அறியாமல் பின்பக்கத்தைச் சீட்டிலிருந்து தூக்கிக்கொள்கிறோம். ஜிம்முக்குள் அது நடப்பதில்லை, அதனால் பின்பக்கம் மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். மின்விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள். லீவு நாளில் ஏசி அறையை விட்டு வெளியே வந்து அல் குத்ரா சைக்கிள் பாதைக்குப் போங்கள். மணல்காடு என்றாலும் ஆகாயம் தெரியும்.

வாசகி, தம்பிக்கோட்டை: என் கணவருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டு சைக்கிளில் அரை மணி நேரம் நிறுத்தாமல் மிதிக்கலாமா?

அம்மா, முதலில் இதய மருத்துவரிடம் போய் எவ்வளவு உழைக்கலாம் என்று கேளுங்கள். அவர் சம்மதித்த பிறகு ஐந்து, பத்து நிமிடத்தில் லேசாக ஆரம்பித்து வாரம் வாரமாகக் கூட்டட்டும். மிதிக்கும்போது உங்களோடு ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். இதயத்துக்கான சில மாத்திரைகள் துடிப்பைத் தாழ்த்தி வைக்கும். அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், மூச்சையே நம்புங்கள். முடிக்கும்போது திடீரென்று இறங்கக் கூடாது. ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிடம் பாரமே இல்லாமல் காலைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, மயக்கம் என்று எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். முதல் சில வாரம் அவர் மிதிக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

வாசகர், முத்துப்பேட்டை: விடியற்காலை நான்கு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டப் போகிறேன். வாழ்த்துங்கள்.

வாழ்த்துகிறேன். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.