மார்பிள் தரையா, மார்ஃபின் மாத்திரையா?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார் டாக்டர். வலி தணிப்பு இல்லம் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். நல்ல இடம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மார்பிள் தரையைப் பார்க்காதீர்கள் அம்மா, மருந்து அலமாரியைப் பாருங்கள். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? 2014-இல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்தியதே அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளுக்கு அது எளிதாகக் கிடைக்கத்தான். இல்லை என்று கையை விரித்தால் நடையைக் கட்டுங்கள். சாதாரண மார்ஃபின் நான்கு மணி நேரம்தான் தாங்கும். அப்பா துடித்த பிறகு கொடுக்கிறார்களா, வலிக்கு முன்பே மணி பார்த்துக் கொடுக்கிறார்களா? லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் வலி தணிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் மன்றாடியது, இப்படி மணி பார்த்துக் கொடுப்பதற்காகத்தான்.

ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் யார் வருவார்கள்? "டாக்டர் காலையில் வருவார்" என்பது பதிலே அல்ல. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறார்களா? உங்களிடம் பேசுகிறவர்கள் அப்பாவிடமும் பேசுகிறார்களா? எனக்கு இதுதான் பெரிது. பேரன் எந்நேரமும் வரலாமா என்றும் விசாரியுங்கள்.

அப்பாவுக்கு வீட்டிலேயே இருக்க ஆசையென்றால், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.