மாப்ள வண்டிக்குப் பிரேதப் பரிசோதனை

வாங்க மாப்ள, வாங்க. நேத்து கார்ல வருவீங்கன்னு பார்த்தா, காரே இன்னொரு வண்டி மேல ஏறி வந்துச்சு. திருச்செங்கோடு ரோட்டுல பாதிச் சனம் தேருன்னு நெனச்சுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்குமே!

உக்காருங்க. மோரு குடிங்க. மொகத்தை இப்படி வெச்சுக்கிட்டா இஞ்சின் பொழச்சுக்குமா?

லேசுப்பட்ட வண்டியா வாங்குனீங்க! 2004ல நம்ம நாட்டுக்கு வந்த ஆக்டேவியா ஆர்.எஸ். 1781 சி.சி., நாலு சிலிண்டருக்கு இருபது வால்வு, 150 குதிரை. எங்க மச்சான் தோட்டத்துல ஒரு சோடி எருதைக் கட்டி ஓட்டறதுக்கே மூச்சு வாங்குவாரு. அவரு பெத்த புள்ளைக்கு 150 குதிரை பத்தலீங்களாம். லேப்டாப்போட ஒரு பையனைக் கூட்டியாந்து, வயரைச் சொருகி, டர்போ அழுத்தத்தைக் கூட்டிட்டீங்க. கூட்டுனது தப்பில்லீங்க. அந்தப் பையன் பானெட்டைத் தொறந்து ஆயில் குச்சியை ஒரு தடவை உருவிப் பார்த்தானா? மாட்டான். அவன் தொழிலு சுத்தமான தொழிலு, கையில மை படாது.

கையில என்னங்க சீட்டு? குடுங்க பாப்போம். ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய டர்போ, செவப்பு சிலிக்கான் ஹோஸ், காலை எடுத்தா ‘புஸ்’ஸுன்னு சத்தம் போடற வால்வு. அருமை! பொணம் நடு ஊட்டுல கெடக்குது, நீங்க அதுக்குப் பட்டு வேட்டிக்கு அளவெடுக்கறீங்க. பட்ஜெட்டு சின்னதுன்னு வேற சொல்றீங்க.

சாமான் வாங்கறதுக்கு முன்னால, எதனால செத்துச்சுன்னு பாக்கோணுமில்லீங்களா? நேத்து நீங்க வண்டியை எறக்கிட்டு அழுதுட்டே போனீங்களே, அப்பறம் நான் சம்ப்பைக் கழட்டினேன். ஆயிலை உறிஞ்சற சல்லடை இருக்குதே, அதுல கருப்பட்டிப் பாகு மாதிரி அப்பியிருந்துச்சு. பேரிங்குக்கு ஆயில் ஏறலை. மூணாவது ராடுல பேரிங் இடத்தை விட்டுச் சுத்திருச்சு. செப்புத்தூள் ஆயிலோட மின்னுது, பாத்தா ஜரிகைக்கரை மாதிரி அழகாத்தான் இருக்குது. கடைசியா ஆயில் மாத்துனது எப்போங்க? போன ஆடி நோம்பிக்கா? அதுக்கு முந்துன ஆடியா? செரி செரி, அத்தை காதுல விழாம சொல்லுங்க.

இதுல கார் மேல தப்பே இல்லீங்க மாப்ள. புகை போற வேகத்துலயே ஒரு சக்கரத்தைச் சுத்தி, அதை வெச்சுக் காத்தை அமுக்கி உள்ள தள்ளலாம்னு சுவிட்சர்லாந்துக்காரரு ஆல்ஃபிரட் பூஹி 1905லயே காப்புரிமை வாங்கிட்டாரு. அமெரிக்காவுல 1962ல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு டர்போ காரு வந்துச்சாம், என்ற பேரன் போன்ல படிச்சுக் காட்டினான். அதுக்குத் தனியா ஒரு டேங்கு. தண்ணியும் மெத்தனாலும் கலந்து அதுல ஊத்தோணும், அப்பத்தான் இஞ்சின் தட்டாது. ஊத்தறதுக்கு மறந்துட்டாங்க. கடைசியில நெறையப் பேரு டர்போவையே கழட்டிப் போட்டுட்டு சாதா கார்புரேட்டரை மாட்டிக்கிட்டாங்க. ஊத்த மறக்கற சாதி உங்களோட ஆரம்பிக்கலீங்க. அமெரிக்காவுலயும் உங்களுக்கு ஒறம்பர இருக்குது.

டர்போ நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அந்தத் தண்டு மெல்லிசா ஒரு ஆயில் படலத்து மேல மெதக்குது, அவ்வளவுதான். நீங்க சங்ககிரி வரைக்கும் வெரட்டிட்டுப் போய், டீக்கடை முன்னால ஸ்டைலா சாவியைத் திருப்பி அணைக்கறீங்க. உள்ள நெருப்பாக் கெடக்கற தண்டுல ஆயில் ஓட்டம் நின்னு, நின்ன ஆயிலு கருகிக் கரியாவுது. நம்ம போர்வெல் ரிக் வண்டிப் பையன் அஞ்சாவது தாண்டாதவன். அவன்கூட எறங்கறதுக்கு முன்னால ஒரு பீடி பத்தவெக்கற நேரம் வண்டியைச் சும்மா ஓட விடுவான். நீங்க என்ஜினீயரிங் படிச்சவரு, பீடிப் பழக்கமும் இல்லை.

இப்பக் காசுக்கு வருவோம். பிளாக்கு வார்ப்பிரும்பு, சாகாது. சுவத்துல கீறல் இருக்குது, அரை மில்லிமீட்டர் போர் ஏத்துனா தீந்துச்சு. ஆனா பிஸ்டனை வாங்கி லேத்துக்காரன் கையில குடுத்துட்டுத்தான் போர் போடச் சொல்லோணும். பிஸ்டனை அளந்து துளையைப் போடறதுதான் மொறை. செருப்பு வாங்கிட்டு அதுக்குத் தகுந்தாப்புல காலைச் சீவற கதைதான். சிரிக்காதீங்க, இஞ்சின்ல அதுதான் சரி. கிராங்க்கு காயம் கம்மியா இருந்தா கிரைண்டிங் பண்ணி அண்டர்சைஸ் பேரிங் போட்டுக்கலாம். கம்பெனி மாதிரி சாதா பிஸ்டனே போதும். ரிங்கு வாயை மட்டும் நானே அளந்து அரம் போடறேன். 81 மில்லிமீட்டர் துளைக்குச் சுமாரா 0.4 மில்லிமீட்டர் எடவெளி வேணும். டர்போ சூட்டுல ரிங்கு நீளும். எடமில்லீன்னா ரெண்டு முனையும் முட்டி, பிஸ்டனோட வரப்பையே ஒடைச்சுப்புடும். பங்காளிங்க வரப்புத் தகராறு மாதிரித்தான்.

டர்போவைப் புதுப்பேட்டையில பழசாப் பாத்துக்கறேன்னா பாருங்க. தண்டைப் புடிச்சு முன்ன பின்ன இழுத்தா அசையவே கூடாது. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கும், ஆயில் இல்லாதப்ப அது சகஜம். ஆட்டுனா இறக்கை சுவத்துல ஒரசக் கூடாது. ஒரசுன தடம் இருந்தா, கடைக்காரன் டீ வாங்கிக் குடுத்தாலும் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருங்க.

அந்தச் செவப்பு ஹோஸ், ‘புஸ்’ வால்வு எல்லாத்தையும் அடிச்சுட்டேன். அந்தக் காசுக்கு நான் எழுதறதைப் பாருங்க: புது ஆயில் பம்பு, சல்லடை, டர்போவுக்கு ஆயில் போற பைப்பு, ஹெட் போல்ட்டு, டைமிங் பெல்ட்டு, அப்பறம் ஆயில் கூலர். போல்ட்டு இழுபட்டு இறுகற சாதி, ஒருக்கா முறுக்குனா முடிஞ்சுது. பெல்ட்டு அறுந்தா இருபது வால்வும் பிஸ்டனுக்கு முத்தம் குடுத்துரும்.

‘ஆயில் கூலரு நல்லாத்தானே இருக்குது மாமா, பெட்ரோல் ஊத்திக் கழுவிக்கலாம்’னு வாயெடுக்கறீங்க பாருங்க, அங்கதான் நானும் வுழுந்தேன். அப்ப எனக்கு உங்க வயசுதான். ஒரு ரிக் வண்டி கம்ப்ரஸர் இஞ்சினு, இதே மாதிரி பேரிங் போயிருந்துச்சு. எல்லாம் புதுசு, கூலர் மட்டும் பழசு. மூணு தடவை கழுவினேன், ஊதினேன், வெயில்ல காயவெச்சேன். எலுமிச்சம்பழம் நசுக்கி ஸ்டார்ட் பண்ணினோம். நாலாம் நாளு மறுபடி இஞ்சினை எறக்கினேன். கூலரோட குறுக்குச் சந்துல பதுங்கியிருந்த செப்புத்தூளு, சூடு ஏறுனதும் கெளம்பி நேரா புதுப் பேரிங்குக்கு வந்துருச்சு. அந்தத் தடவை கூலி நான் வாங்கலை. எலுமிச்சம்பழம் வித்தவருக்குத்தான் லாபம்.

இன்ட்டர்கூலரைக் கழுவலாம், அதுல தப்பில்லை. ஆயில் கூலர் புதுசுதான்.

எல்லாம் மாட்டுனதும் நீங்க வந்து சாவியைத் திருப்பி ‘வ்ரூம்’னு ஏத்தப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். நடக்காது. காயில் வயரைப் புடுங்கி, பெட்ரோலை நிறுத்தி, பிளக்கைக் கழட்டிட்டு, ஆயில் அழுத்தம் ஏறுற வரைக்கும் ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுத்துவேன். டர்போ வாயில கையாலயே ஆயில் ஊத்துவேன். ஓட ஆரம்பிச்சதும் சில நூறு கிலோமீட்டர்லயே மொத ஆயிலை வடிச்சுருவேன். ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் உங்க கால் கட்டைவிரல் பாப்பா காலு மாதிரி இருக்கோணும். லேப்டாப் பையன் போட்ட கணக்கையும் எடுத்துட்டுப் பழைய கணக்கையே ஏத்தச் சொல்லுங்க.

லேத்துல நாலு ரிக் இஞ்சினு வரிசையில நிக்குது, உங்குளுது அஞ்சாவது. ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஈரோட்டுக்கு டவுன் பஸ்ஸு காலையில இருக்குது. சாவியை மேசை மேல வெச்சுட்டுப் போங்க மாப்ள. இன்னொரு சாவியையும்.