ஏழு கோடி வயதுப் பதக்கம்

பழைய நகையைக் கொடுத்துப் புதுசு வாங்கும் காலத்தில், புதைபடிவத்தில் செய்த நகையை யார் சார் வாங்குவார்கள்?

பழசு வேண்டாம் என்பவர் தங்கமும் வாங்க முடியாதே! தங்கம் பூமியைவிடப் பழசு.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைக்கும் அம்மோலைட், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் புதைபடிவ ஓடு. 1981இல் அதற்கு ரத்தினக்கல் என்ற அங்கீகாரமே கிடைத்துவிட்டது.

சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறதே, சாயம் ஏற்றுகிறார்களா?

கடலுக்கடியில் சாயப்பட்டறை ஏது? ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. அடுக்கு தடித்திருந்தால் சிவப்பு, மெலிந்திருந்தால் நீலம். நீலம்தான் அரிது.

வெள்ளியில் பதிக்கும்போது சூட்டில் கல் வெடிக்காதா?

நெருப்பு இருக்கும்வரை கல்லுக்கு அங்கே வேலையே இல்லை! முதலில் வெள்ளித் தகட்டின் மேல் மெல்லிய பட்டையை வளைத்துப் பற்றவைப்பார்கள். அது ஆறி, அமிலத்தில் கழுவி, மெருகேறிய பிறகுதான் கல் உள்ளே உட்காரும். பட்டையின் விளிம்பை எஃகுக் கருவியால் சுற்றிச் சுற்றித் தேய்த்துக் கல்மேல் மடிப்பார்கள். அம்மோலைட் மென்மையானது, எளிதில் கீறல் விழும். அதனால் பெரும்பாலும் மேலே குவார்ட்ஸ் மூடி ஒட்டியே பதிக்கிறார்கள்.

அரியலூரிலும் அம்மோனைட் கிடைக்கிறதாமே! பொறுக்கி வந்து கம்மல் செய்யலாமா?

கல்வெட்டை உடைத்து அம்மி கொத்துவீர்களா?

எந்தப் பாறையடுக்கில் கிடந்தது என்பதுதான் ஒரு படிவத்தின் வரலாறு. பெயர்த்து எடுத்தால் அந்த வரலாறு போய்விடும். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். படிவங்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.