அந்த ரகசியம் அடுத்த லெவலில்

"வணக்கம் உறவுகளே!" என்று மாஸ்டர் இரு கையையும் குவித்துவிட்டாரென்றால், அடுத்த அரை மணி நேரத்துக்குக் கம்பு சுவரில்தான் சாய்ந்திருக்கும். சுற்றுவது வாய் மட்டும்தான்.

ஆன்லைன் சிலம்ப மாஸ்டரைத்தான் சொல்கிறேன். கறுப்பு பேன்ட், இடுப்பில் சிவப்புத் துண்டு, பனியனில் குத்திய குட்டி மைக், முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சுருள்வாளும் மான்கொம்பும். போனை நெட்டுக்குத்தாக நிறுத்திப் படமெடுப்பதால், கம்பைச் சுழற்றும்போது இரண்டு முனையும் திரைக்கு வெளியே போய்விடும். பிடித்த கையும் அதை ஒட்டிய ஒரு சாண் மூங்கிலும்தான் நமக்குக் கொடுத்துவைத்தது. "வீட்டுல இடம் இல்லையா? ஸ்கேலை வெச்சுப் பழகுங்க" என்பார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ரகசியம்.

மாஸ்டரிடம் ஒரு ரகசியம் இருக்கிறது. "உங்க வாத்தியார் உங்ககிட்ட மறைச்ச ரகசியம்." "சித்தர்கள் ஓலையில ஒளிச்சு வெச்ச ரகசியம்." "இந்த ஒரு ரகசியம் தெரிஞ்சா பத்துப் பேர் வந்தாலும்..." மூன்று புள்ளி அவர் வைத்ததுதான். வீடியோவின் முகப்புப் படத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். ஒரு சிவப்பு அம்புக்குறி அவர் முழங்காலைக் காட்டும். முழங்காலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் நாட்டில் ஏராளம். நானும் என் மகனும் போனது அப்படித்தான்.

இலவச வெபினாரில் சொல்லிவிடுவதாகப் பேச்சு. வெபினாரில் முதலில் அகத்தியர் வருவார். அடுத்து போதிதர்மர் காஞ்சிபுரத்தில் கிளம்பி ஷாவொலின் போய்ச் சேருவார். 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்ததிலிருந்து மாஸ்டர்களிடம் அவருக்கு ஓய்வே கிடையாது. பிறகு கட்டபொம்மன். 1799-ல் கயத்தாறில் தூக்கு என்று சொல்லும்போது மாஸ்டரின் குரல் உண்மையிலேயே உடையும், அதில் நடிப்பு இல்லை. உடைந்த குரலைச் சட்டென்று நிமிர்த்திக்கொண்டு, "வெள்ளைக்காரன் வேற எதுக்கும் பயப்படல உறவுகளே, நம்ம ஒரே ஒரு வீச்சுக்குத்தான் பயந்தான். அது எந்த வீச்சு?" என்று நிறுத்துவார். என் மகன் வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் காத்திருப்பான்.

"அதை நாம லெவல் ஒண்ணுல பார்க்கப்போறோம்."

லெவல் ஒன்றின் விலை 4,999 ரூபாய். அந்த விலைக்கு வாங்கிய மனிதர் யாரும் பூமியில் இல்லை. இன்று இரவு 12 மணிக்குள் கட்டுபவர்களுக்கு மட்டும் 499. இரவு 12 மணி தவறாமல் வருகிறது, போகிறது. சலுகை மட்டும் போன பாடில்லை.

கட்டினோம். வணக்க முறை வந்தது. கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்கவேண்டும் என்ற விவரம் வந்தது. நல்ல விஷயங்கள்தான், குறை சொல்லக்கூடாது. ரகசியம்? "ரகசியத்தைத் தாங்குறதுக்குக் காலடி வேணும்ல? காலடி லெவல் ரெண்டுல." காலடியும் வந்தது. "கால் ரெடி. மூச்சு ரெடியா?" மூச்சுக்கு லெவல் மூன்று. மூச்சு முட்டியபின் வர்மம். "வர்மத்தை எல்லாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்க ஆசான் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்." பிரீமியம் உறுப்பினர்களை அந்தச் சத்தியம் கட்டுப்படுத்தாது போலிருக்கிறது. கீழேயே க்யூஆர் கோடு இருந்தது.

அந்தக் காலத்து ஆசான்களும் ஒளித்தவர்கள்தான். தொண்ணூற்றொன்பது அடியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சிஷ்யன் என்றைக்காவது எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்று கடைசி அடியைத் தம்மிடமே வைத்துக்கொள்வார்களாம். நம் மாஸ்டர் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். ஒன்றைக் காட்டிவிட்டுத் தொண்ணூற்றொன்பதைப் பூட்டி வைத்திருக்கிறார்.

கடைசிப் படி 'மாஸ்டர் கிளாஸ்'. அதற்குக் கட்டியது என் மைத்துனர். அங்கேதான், சத்தியமாக, ரகசியம் உடைந்தது. பாடத்தின் தலைப்பு: 'சிலம்பம் சொல்லிக்கொடுத்து ஆன்லைனில் சம்பாதிப்பது எப்படி?'

இந்த ஒரு பாடத்தில் மாஸ்டர் எதையும் ஒளிக்கவில்லை. யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், ஆகவே ஒரு காலடியை ஏழு வீடியோவாக வெட்டு. யூடெமியில் பாடம் போட்டால், அவர்களே ஆள் பிடித்து விற்பதில் ஆசிரியருக்கு 37 சதவீதம்தான், ஆசிரியரே அனுப்பிய கூப்பனில் விற்றால் 97. ஆகவே சித்தப்பா, பெரியப்பா, பால்காரர், பழைய வகுப்புத் தோழன் ஒருவரையும் விடாதே, எல்லா வாட்ஸாப் குழுவிலும் கூப்பனைப் போடு. எங்கள் குடியிருப்பின் 'தண்ணீர் லாரி' குழுவில் ஏன் தினமும் காலையில் சிலம்பக் கூப்பன் வருகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பலகையில் எழுதி, கோடு போட்டு, இரண்டு முறை திருப்பிச் சொன்னாராம். இதே தெளிவோடு ஒரு வீச்சைச் சொல்லியிருந்தால் என் மகன் இந்நேரம் மாவட்டப் போட்டிக்குப் போயிருப்பான்.

திட்டிக்கொண்டே இருக்கவும் மனசு வரவில்லை. இந்த மனிதரைக் கோயில் கொடையில் பார்த்திருக்கிறேன். கம்பின் இரண்டு முனையிலும் பந்தம் கட்டிச் சுற்றுவார். அப்போது வாயிலிருந்து ஒரு சொல் வராது. கூட்டமும் பேசாது. 2020 மார்ச் வரை பள்ளி மைதானத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர். பிள்ளைக்கு மாதம் இருநூறு ரூபாய். அதையும் "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றோம் மாஸ்டர்" என்ற பெற்றோர்தான் அதிகம். ஊரடங்கில் மைதானம் பூட்டப்பட்டபோது அவருக்குச் சோறு போட்டது அந்தப் போன்தான். கணக்கு டியூஷனுக்கு ஆயிரக்கணக்கில் வாயைத் திறக்காமல் கட்டும் நாம், கம்புக்கு மட்டும் பேரம் பேசினோம். பேரம் பேச முடியாத இடமாகப் பார்த்து அவர் போய்விட்டார்.

ஆனால் சில விஷயங்களைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட முடியாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாகவும் இடம்பெற்றது. அதிலிருந்து பெற்றோர் வருகை பெருகிவிட்டது. அவர்களிடம் "சர்டிபிகேட் உண்டு" என்கிறார் மாஸ்டர். உண்டுதான். பிடிஎஃப்பாக வருகிறது, பெயரை நாமே அடித்துக்கொள்ளலாம். ஒதுக்கீட்டுக்குக் கேட்பது போட்டியில் ஜெயித்த சான்றிதழ். அதை அவர் வெபினாரில் சொல்வதில்லை.

இன்னொன்று. மைதானத்தில் காலடி பிசகினால் மாஸ்டர் தன் கம்பு நுனியால் குதிகாலில் லேசாக ஒரு தட்டு தட்டுவார். பாடமே அந்தத் தட்டுதான். அதை எந்த லெவலிலும் காணோம். என் மகன் திரையைப் பார்த்து இடதை வலதாகவும் வலதை இடதாகவும் பழகி, மணிக்கட்டு வீங்கி, அதைப் படமெடுத்து டெலிகிராம் குழுவில் போட்டான். "சூப்பர் தம்பி" என்று பதில் வந்தது, கூடவே மூன்று நெருப்பு எமோஜி. வீக்கத்துக்கு!

மாஸ்டர், ரகசியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய காசையும் திருப்பிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு வாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய், பேரம் பேசாமல், ஒன்றாம் தேதியே தந்துவிடுகிறேன். பையனின் இடது குதிகால் இன்னும் தரையில் பதியவே இல்லை.