எலியும் வீடும்

2011 நவம்பரில் 'கொலைவெறி' பாட்டு யூடியூப் வழியே, யாரிடமும் காசு கேட்காமல், உலகைச் சுற்றி வந்தது. அது இடம்பெற்ற '3' படம் 2012 மார்ச் 30இல் வெளியானபோது, அதே இணையம் திருடனாகிவிட்டது. தயாரிப்புத் தரப்பு, முகம் தெரியாத எதிரிகள்மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. இத்தகைய எதிரிக்கு இந்திய வழக்குகளில் வழங்கும் பெயர் 'அசோக் குமார்'. அந்தப் பெயர்கொண்ட யோக்கியர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆணை கைக்கு வந்ததும் இணையச் சேவை நிறுவனங்கள், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, மே மாதம் விமியோ, டெய்லிமோஷன் காணொளித் தளங்களையே அடைத்தன. எழுத்தை மட்டும் ஒட்டிவைக்க உதவும் பேஸ்ட்பின்னும் தப்பவில்லை. அதில் எந்தக் காட்சியைக் கண்டார்களோ!

ஜூன் 9இல் அனானிமஸ் என்னும் இணையப் போராளிக் குழுவினர் பல நகரங்களில் கை ஃபாக்ஸ் முகமூடியணிந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அம்முகமூடியின் உரிமை ஹாலிவுட்டின் வார்னர் நிறுவனத்துடையது. அசலை வாங்கினால் அங்கே பங்கு போகும். நடைபாதை நகலென்றால் அதுவும் திருட்டு.

தடை குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கல்ல என்று ஜூன் 22இல் நீதிமன்றம் விளக்கியது. அன்றைக்குப் படம் வெளியாகிச் சரியாகப் பன்னிரண்டு வாரம்.