ஆக்சிலை அறுப்பதற்கு முன்: வாசகர் கேள்வி-பதில்

பழைய ஜீப் சேஸில் ஹாட் ராட் கட்டுகிறேன். ரேஸ் வண்டியில் இருந்த பின் ஆக்சில் ஒன்று கிடைத்திருக்கிறது. பாடிக்கு வெளியே டயர் துருத்துகிறது. இரண்டு பக்கமும் சமமாக அறுத்தால் சரியாகிவிடுமா?
– போடி வாசகர்

வீலும் டயரும் வாங்கியாகிவிட்டதா? இல்லையென்றால் இன்று அறுக்க வேண்டாம். எவ்வளவு அறுப்பது என்பதைச் சொல்லப்போவது வீலின் ஆஃப்செட்தான். வண்டியை அதன் முழு எடையோடு, ஓடும் உயரத்தில் நிறுத்துங்கள். டயர்களை மட்கார்டுக்குள் அவை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, வீல் பதியும் முகத்திலிருந்து எதிர்முகம் வரை அளந்துகொள்ளுங்கள். உள்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் நடுவே ஒரு இன்ச்சாவது இருக்கட்டும். வெளிப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள், வளைவில் வண்டி பக்கவாட்டிலும் ஆடும்.

இனி சமமாக அறுப்பதா என்ற கேள்வி. மொத்தம் 60 இன்ச் ஆக்சில், உங்களுக்குத் தேவை 54 என்று வைத்துக்கொள்வோம். பினியன் நடுவிலிருந்து ஒரு இன்ச் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. அதாவது பினியனிலிருந்து வலது முனைக்கு 29, இடது முனைக்கு 31. இரு பக்கமும் மூன்று மூன்று இன்ச் எடுத்தால் அந்த ஒரு இன்ச் தள்ளல் அப்படியே இருக்கும். பினியன் நடுவுக்கு வரவேண்டுமானால் வலது பக்கம் 2, இடது பக்கம் 4 எடுக்க வேண்டும். இரண்டு விதத்திலும் வீல்கள் சேஸுக்கு நடுவில்தான் நிற்கும். அதுதான் முக்கியம்.

டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்காதா?
– சின்னமனூர் கல்லூரி மாணவர்

இழுக்காது, தம்பி. அதற்குச் சாட்சி உங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. வில்லிஸ் வழி வந்த பழைய நாலு வீல் டிரைவ் ஜீப் ஒன்றின் பின்னால் குனிந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் கூடு வலப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வெளியேறும் இடம் வலப்பக்கம் இருப்பதால், ஆக்சிலும் அதற்கு நேராக வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளின் அமைப்பு இது. அதே ஜாதி வண்டிகள்தான் பல தலைமுறையாக ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகின்றன. கூடு ஓரத்தில் இருந்ததால் எந்த ஜீப்பும் கோணலாக ஓடவில்லை.

நடுவில் நிற்க வேண்டியது வீல்கள். பினியன், கியர்பாக்ஸ் எங்கே முடிகிறதோ அதற்கு இசைந்து நின்றால் போதும். கொஞ்சம் பக்கவாட்டுத் தள்ளலை ஜாயின்ட் கிராஸ் தாங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸ் முனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராஸில் துளிக்கூடச் சாய்வு இல்லாமல் நேர்கோட்டில் வைப்பதும் தவறு. உள்ளே ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும்.

அமெரிக்கக்காரர்கள் எல்லாரும் ஃபோர்டு 9 இன்ச் ஆக்சிலையே ஏன் தேடுகிறார்கள்?
– ஆண்டிபட்டி வாசகர்

1957-லிருந்து 1986 வரை ஃபோர்டு வண்டிகளில் வந்த ஆக்சில் அது. கிரவுன் வீலும் பினியனும் முன்பக்கமாக ஒரே கட்டாகக் கழன்று வரும், வெறும் கூட்டை மட்டும் லேத்துக்குக் கொண்டுபோகலாம். அதிலும் பினியன் நடுவில் இல்லை. இரண்டு ஷாஃப்டும் ஒரே நீளம் வேண்டும் என்பவர்கள் பினியனை ஓரத்தில் விட்டுவிடுகிறார்கள். நடுவில் வேண்டும் என்பவர்கள் நீளம் மாறிய ஷாஃப்டுகளோடு ஓட்டுகிறார்கள். இரண்டும் நன்றாக ஓடும்.

எங்கள் பட்டறையில் லேத், ஆர்க் வெல்டிங் இரண்டும் உண்டு. குழாயை அறுத்து ஒட்டுவதில் என்ன கஷ்டம்?
– உத்தமபாளையம் லேத் பட்டறைக்காரர்

அறுப்பது எளிது. நேராக ஒட்டுவதில்தான் உங்கள் கைத்திறன் தெரியும். சூடான இரும்பு ஆறும்போது வெல்டிங் போட்ட பக்கமாக இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவே பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும்.

அறுக்கும் முன் குழாயின் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு கோடு கீறுங்கள். முனைகளைத் திரும்பப் பொருத்தும்போது பிரேக் தட்டு திரும்பிவிடாமல் அது காக்கும். இரு பக்க பேரிங் இருக்கைகளிலும் டிஃபரன்ஷியல் பேரிங் இருக்கைகளிலும் கச்சிதமாக உட்காரும் வளையங்களைக் கடைந்து, அவற்றின் வழியே ஒரு நேரான தடித்த கம்பியை நுழையுங்கள். கம்பி உள்ளே இருக்கும்போதே எதிரெதிரே வெல்டிங் புள்ளி வையுங்கள். பிறகு சிறு சிறு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி வெல்டிங் போடுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியபின் கம்பி கையால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் வேலை முடியவில்லை.

ஸ்பிரிங் பட்டை உட்காரும் தட்டைக் கடைசியில் ஒட்டுங்கள். வண்டி எடை முழுதும் இறங்கி, பினியன் சாய்வு சரிபார்த்த பிறகுதான் அந்த வேலை.

ஷாஃப்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நடுவில் அறுத்து வெல்டிங் போட்ட ஷாஃப்ட் முறியும். புது நீளத்துக்குத் தகுந்த ஷாஃப்டாகச் செய்து வாங்குங்கள், அல்லது பல் வெட்டி முறையாகக் கடினப்படுத்தும் இடத்துக்கு அனுப்புங்கள். சாதாரண ஆக்சிலில் ஷாஃப்ட் முறிந்தால் வீலே கழன்று போகலாம். பல ரேஸ் ஆக்சில்களில் ஹப் கூட்டின் மேலேயே தனியாகச் சுழலும், ஷாஃப்ட் உடைந்தாலும் வீல் நிற்கும். உங்களுக்கு வந்த ஆக்சில் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

ரேஸ் ஆக்சிலில் இரண்டு வீலும் சேர்ந்தே சுற்றுகின்றன. அப்படியே ரோட்டில் ஓட்டலாமா?
– கூடலூர் வாசகர்

வேண்டாம். நேர்கோட்டு ரேஸுக்கும் மண் டிராக்குக்கும் அது சரி. வளைவில் வெளி வீல் அதிக தூரம் போக வேண்டும், உள் வீல் குறைவாக. இரண்டும் பூட்டியிருந்தால் ஒன்று சறுக்கியே தீரும், வண்டி திரும்ப மறுக்கும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழை நாளில் நனைந்த தாரில் இப்படி ஒரு வண்டியை ஓட்ட நான் யாருக்கும் சம்மதம் சொல்லமாட்டேன். திறந்த டிஃபரன்ஷியலை மாட்டிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் என்னுடையது. குறுகின வழியில் போக ஆக்சிலைக் கொஞ்சம் சுருக்கித் தர ஒரு மெக்கானிக் தயார். செய்யலாமா?
– கம்பம் ஓட்டுநர்

கூடாதுங்க அண்ணே. ஜீப் உயரமான வண்டி. பின் தடம் குறைந்தால், குறைந்த வேகத்திலேயே அது சாய்ந்துவிடும். கம்பம்மெட்டு ஏறும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களை நம்பி ஏறியவர்கள், பெரும்பாலும் பெண்கள். சோதனை வண்டியை ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்து ஓட்டலாம், அடுத்தவர் உயிரை வைத்து ஓட்ட உரிமை கிடையாது. ஸ்பேசர் போட்டு அகலப்படுத்துவதும் இதே கதைதான், பேரிங் மேல் சுமை ஏறும். கம்பெனி அளவிலேயே ஓட்டுங்கள். அந்தக் காசில் பிரேக் லைனிங் மாற்றுங்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன சொல்வார்கள்?
– தேனி வாசகர்

கூடாது என்பார்கள், சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் கட்டிய வண்டியை எங்கேதான் ஓட்டுவது?
– பெரியகுளம் வாசகர்

டிராக்கில். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில், போர்க்கால விமானத் தளத்திலேயே நம் ஆட்கள் சொந்தமாகக் கட்டிய வண்டிகளை ஓட்டினார்கள். வண்டியை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோங்கள். முதல் ஓட்டத்தை மட்டும் தயவுசெய்து மலைப்பாதையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.