நாமினி சார்

நாமினி சாரிடம் "அடுத்த வாரம் ராமேஸ்வரம் போறோம்" என்று சொன்னால் எந்த வண்டி, எத்தனை நாள், எங்கே தங்கப்போறீங்க என்று எதுவும் கேட்க மாட்டார். "நாமினி யாரு?" என்பார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உங்கள் தெருவில் இருப்பவர் பேங்க்கிலோ மின்வாரியத்திலோ இருந்திருப்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் போடும்போது, பயணக் காப்பீடு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வி வரும். நாமெல்லாம் தட்கல் பதற்றத்தில் விரல் பட்ட பக்கம் தட்டிவிட்டுப் பணம் கட்ட ஓடுவோம். சார் அந்த இடத்தில்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஆளுக்கு 45 பைசா. 2016இல் தொடங்கியபோது 92 பைசா, நடுவில் கொஞ்ச காலம் இலவசம், 2018 செப்டம்பரில் மறுபடியும் காசு என்று பவுன் விலை ஏறி இறங்கிய கதையைப் போல அதன் சரித்திரத்தைச் சொல்வார். பிறகு பலன்கள். உயிர் போனாலோ நிரந்தரமாக முழுசாக முடங்கினாலோ 10 லட்சம். பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. உடலை ஊருக்குக் கொண்டுவர 10,000. இதையெல்லாம் அவர் ஒப்பிக்கிற நேரம், நம் வீட்டில் வழிக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருக்கும் நேரமாகத்தான் இருக்கும்.

"45 பைசா கட்டிட்டா ஆச்சா? அப்புறம் மெசேஜ்ல ஒரு லிங்க் வரும். அதைத் திறந்து நாமினி பேரை எழுதினவன் எத்தனை பேரு? எழுதலைன்னா வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கணும். யாரு நிக்கிறது? நாம நிக்க முடியாது. நாமதான் இல்லையே!"

நாமினி விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம்தான். நாமினி அதே வண்டியில் வரக்கூடாது. குடும்பமே ஒரு பெட்டியில் போகும்போது புருஷனுக்குப் பொண்டாட்டி, பொண்டாட்டிக்குப் புருஷன் என்று எழுதி என்ன பயன்? வண்டிக்கு வெளியே ஒரு ஆள் வேண்டும். ஆகையால் அவர் வீட்டில் சுற்றுலா ஏற்பாடு என்பது, யார் வரக்கூடாது என்று முடிவு செய்வதில் ஆரம்பிக்கும். பெரும்பாலும் அந்தப் பதவி நெல்லிக்குப்பத்தில் இருக்கும் மச்சானுக்குத்தான். ஒரு வருடம் மச்சான் ஆசையாக, "மாமா, குத்தாலத்துக்கு நானும் வரேனே" என்று கேட்டுவிட்டார். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீயும் வந்துட்டா நான் நாமினிக்கு எங்கய்யா போவேன்?"

ஆறு டிக்கெட் என்றால் 60 லட்சம். அவ்வளவையும் ஒரே மச்சான் பேரில் எழுதிய பிறகு சாருக்கு அந்த மச்சானைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஊருக்குக் கிளம்புகிற அன்று பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை அவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பார். வண்டி புறப்பட்டதும் மச்சான் மரியாதைக்கு ஒரு போன் போட்டு, "மாமா, வண்டி எங்க வந்துட்டு இருக்கு?" என்று கேட்பார். சார் போனை மூடிக்கொண்டு பக்கத்து சீட்காரரிடம், "விசாரிக்கிறான் பாருங்க" என்பார்.

ஒரு தடவை வண்டியிலிருந்தே போனில் மச்சானுக்குப் பாடமும் எடுத்திருக்கிறார். "நாமினின்னா பணத்தை வாங்குற கை. வச்சுக்கிற கை இல்ல. வாங்கி வாரிசுங்க கிட்ட சேர்த்துடணும், புரியுதா?"

"புரியுது மாமா. நீங்க எல்லாருமே அந்த வண்டியிலதான போறீங்க? அப்போ வாரிசு யாரு?"

அந்தக் கேள்விக்குச் சார் திருச்சி வரைக்கும் பேசவில்லை.

இன்னொரு சங்கடம் விழுப்புரம். எங்கள் ஊர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, விழுப்புரத்தில் இறங்கித்தான் பெரிய வண்டி பிடிக்க வேண்டும். பாசஞ்சருக்கு முன்பதிவு கிடையாது. ஆகவே அந்த 45 பைசாவும் கிடையாது. பண்ருட்டி, திருத்துறையூர், சேர்ந்தனூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தாண்டும் வரை சார் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாய் திறக்காமல் வருவார். விழுப்புரத்தில் எக்ஸ்பிரஸில் கால் வைத்ததும் மூச்சு விடுவார். அங்கே ஆர்.ஏ.சி.யில் பக்கவாட்டு சீட்டைப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு முழங்கால் மடங்க உட்கார்ந்தாலும் அவருக்குக் குறையில்லை. "சீட்டுதான் பாதி. இன்சூரன்ஸ் முழுசு."

கல்யாணத்துக்கு வேன் பிடித்தால் டிரைவரிடம் "ஓன் போர்டா, டி போர்டா?" என்று கேட்டு, வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் கிளைம் நிற்காது என்று ஆரம்பித்து, டிரைவரைக் கோபப்படுத்திப் பாதி வழியில் டீ குடிக்க இறங்க வைப்பது தனிக்கதை. பெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பர் 2ஆம் தேதி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடி ரயில்கள் நின்றுபோனபோது, "இன்சூரன்ஸ்ல வருமா சார்?" என்று தெருவே அவரிடம் கேட்டது. "வராது. வண்டி ரத்தானா ரயில்வேயே டிக்கெட் காசைத் திருப்பித் தரும். 45 பைசா விபத்துக்கு மட்டும்" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த திருப்தியைக் கல்யாண மாப்பிள்ளைகளிடம்கூட நான் பார்த்ததில்லை.

கேலி செய்கிறேனே தவிர, 2023 ஜூன் 2க்குப் பிறகு அவர் எதிரில் வாய்விட்டுச் சிரிக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஒடிசாவில் பாலசோர் பக்கம், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதி 290க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் காலை சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவங்கள்ல எத்தனை பேரு கட்டத்தைத் தட்டியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அவரையும் சொல்லிக் குற்றமில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாகப் பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அந்த அழுத்தம் தணியும். விட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். அதன் மேல் நின்று காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர், ராமேஸ்வரத்துக்குப் போகும்போது மட்டும் எப்படி நிம்மதியாக இருப்பார்?

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் நிஜமாகவே கோபம் உண்டு. அவர் வீட்டு அம்மா காசிக்குப் போக வேண்டும் என்று ரொம்ப வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாரும் உள்நாட்டுப் பயண பாலிசிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டேயிருக்கிறார். ஒன்றில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்குப் பணம் வராது. இன்னொன்றில் பெட்டி தொலைந்தால் வராது, விமானத்தில் ஒப்படைத்த பெட்டிக்குத்தான் வரும். மற்றொன்றில் வயது இடிக்கிறது. போன வருடம் தள்ளிப்போயிற்று, இந்த வருடமும் தள்ளிப்போகிறது. இத்தனைக்கும், நம் நாட்டுக்குள்ளே போகிறவர்களுக்கு, கையில் இருக்கிற சாதாரண மருத்துவக் காப்பீடு கடலூரில் செல்கிற மாதிரியே காசியிலும் செல்லும்; பயண பாலிசி என்பது விபத்துக்கும் பெட்டிக்கும் தாமதத்துக்கும்தான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

"நான் ஒரு தடவையாவது வீட்டுல இருந்துட்டு நாமினி ஆயிடறேன் தம்பி, அதாவது கிடைக்கட்டும்" என்று அந்த அம்மா ஒருநாள் சிரித்தபடி சொன்னார். அவருக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. காசியில் படித்துறை முழுக்கப் படிக்கட்டு. ஒவ்வொரு வருடமும் அது இன்னும் கொஞ்சம் ஏற முடியாமல் ஆகிக்கொண்டிருக்கிறது. இந்த நஷ்டத்தை எந்தக் கம்பெனி ஈடுகட்டும் என்று சார் படித்துச் சொல்லட்டும்.

பாலிசியை மூடி வையுங்கள் சார். கார்த்திகைக்குள் இரண்டு டிக்கெட் போடுங்கள், கீழ் பெர்த்தாகப் பார்த்து. 45 பைசா கட்டத்தையும் தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மச்சானுக்கும் ஒன்று போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள், பாவம். நாமினிக்கு என் பேரை எழுதிக்கொள்ளுங்கள். வண்டி எங்கே வருகிறது என்று நான் போன் போட்டு விசாரிக்க மாட்டேன்.